தேரும் முட்டுக்கட்டையும்

ஒருவரைப் பற்றி, "எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடுகிறார்" என்று நாம் சொன்னால் அது புகழ்ச்சியன்று. நல்ல காரியத்தை நடக்கவொட்டாமல் தடுப்பவர் என்பதே அதன் பொருள். தேரோடும் வீதியிலோ முட்டுக்கட்டைக்குப் பெருமை மிகுதி. தேரைத் தடுப்பது மட்டுமன்று, அதற்கு வழிகாட்டுவதும், முடிவில் பத்திரமாக நிலை சேர்ப்பதும் அந்தக் கட்டைதான். பள்ளியில் நெடுங்காலம் பௌதிகம் கற்பித்தவன் என்ற முறையில், இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை மாணவர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரோட்டத்தை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அங்கே சுவாமி தேரின் எடை ஏறத்தாழ 450 டன் என்று கூறுவர். அதற்கு இயந்திரம் இல்லை. மக்கள் வடம் பிடித்து இழுத்தே நான்கு ரத வீதிகளையும் சுற்றி வரச் செய்கிறார்கள்.

இதற்கு எத்தனை பேர் வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமதரையில் உருளும் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும் தடை, எடையில் நூற்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 450 டன்னுக்கு அது 9 டன் ஆகும். ஒருவர் விடாமல் 20 கிலோகிராம் அளவு விசையுடன் இழுத்தால் 450 பேர் போதும். ஆனால் வடம் பிடிக்க வருபவர்களோ ஆயிரக்கணக்கானவர்கள். அப்படியிருந்தும் தேர் சில வேளைகளில் அசைய மறுத்து நின்றுவிடுகிறதே, ஏன்?

விடை சக்கரத்தின் அடியில் இருக்கிறது. நின்ற தேரின் சக்கரம் தரையைச் சற்றே அழுத்திப் பள்ளம் செய்துகொள்கிறது. முன்னே ஒரு சிறு கல் கிடந்தாலும் போதும். ஆறடி விட்டமுள்ள ஒரு சக்கரத்தின் முன் அரை அங்குல உயரமுள்ள, நசுங்காத கல் ஒன்று கிடப்பதாகக் கொள்ளுங்கள். நின்ற நிலையிலிருந்து அக்கல்லின்மேல் ஏற, அச்சக்கரம் தாங்கும் பாரத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சமமான விசை தேவை. நான்கு சக்கரங்களும் பாரத்தைச் சமமாகத் தாங்கினால் ஒரு சக்கரத்தின் பங்கு 112 டன். அதில் ஆறில் ஒன்று 18 டன்னுக்கு மேல். முழுத் தேரையும் சமதரையில் உருட்டத் தேவையான விசையைப்போல் இருமடங்கு! அரை அங்குலத்தின் ஆற்றல் அத்தகையது.

இந்த நிலையில் எல்லாரும் வெறிகொண்டு வடத்தை வெட்டி இழுத்தால் தேருக்கு முன் வடம் தோற்றுப்போகும். 2024ஆம் ஆண்டு நெல்லைத் தேரோட்டத்தில் வடம் மீண்டும் மீண்டும் அறுந்ததை நாடறியும். சீராக இழுக்கும்போது வடத்தில் ஏறும் இழுவிசை வேறு. திடீரென்று வெட்டி இழுக்கும்போது ஏறும் இழுவிசை வேறு. பின்னது பன்மடங்கு பெரிது.

ஆகவே நின்ற தேரைக் கிளப்பும் வேலையை நெம்புகோலிடம் விடுகிறார்கள். சன்னைமரம் என்றும், நெல்லைப் பக்கத்தில் தடி என்றும் சொல்லப்படும் நீண்ட மரத்தைப் பின்சக்கரத்தின் அடியில் கொடுத்து, அதன் மறுமுனையில் பலர் ஏறி அமுக்குவார்கள். மரத்தின் நீளம் 12 அடி. அது தாங்கிநிற்கும் இடத்திலிருந்து சக்கரம் ஓரடித் தொலைவு என்றால், அமுக்கும் விசை 11 மடங்காகிறது. பத்துப் பேர் சேர்ந்து 500 கிலோகிராம் அமுக்கினால் சக்கரத்தில் ஐந்தரை டன் விசை பிறக்கும். நகரும் தூரம் சில அங்குலமே. ஆனால் பள்ளத்திலிருந்து சக்கரம் வெளியேற அது போதும். அதற்குப் பிறகு வடம் தன் வேலையை எளிதாகச் செய்துகொள்ளும்.

தேர் கிளம்பிவிட்டது. இப்போதுதான் பெரிய வினா எழுகிறது: எப்படி நிறுத்துவது? கயிறு இழுக்குமே தவிரத் தள்ளாது. முன்னே நிற்கும் ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் வடத்தைக் கீழே போட்டாலும் தேர் உடனே நிற்காது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், அதாவது நாம் மெல்ல நடக்கும் வேகத்தில், அது போய்க்கொண்டிருந்தால், சமதரையில்கூட எட்டடிக்கு மேல் உருண்ட பின்னரே நிற்கும். தெரு நூற்றுக்கு இரண்டு அடி சரிந்திருந்தாலோ, சரிவின் இழுப்பும் சக்கரத்தின் தடையும் சமமாகிவிடுவதால் தானாக நிற்கவே நிற்காது. அந்த எட்டடிக்குள் ஒரு குழந்தை இடறி விழுந்தால் என்னாகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

அந்த எட்டடியைக் காப்பவரே முட்டுக்கட்டை போடுபவர். சக்கரத்தை ஒட்டியே நடந்துவந்து, வேண்டிய கணத்தில் ஆப்பு வடிவக் கட்டையைச் சக்கரத்தின் முன் செலுத்துகிறார். அரை அங்குலக் கல் செய்த வேலையை இங்கே பல அங்குல உயரமுள்ள கட்டை செய்கிறது. ஓடும் சக்கரம் அதன் சரிவில் ஏற முயலும். வேகம் அந்த ஏற்றத்திலும் உராய்விலும் செலவாகித் தேர் அடங்கும்.

திருப்புவதும் அவர் வேலையே. மோட்டார் வண்டியின் முன்சக்கரம்போல் தேர்ச்சக்கரம் திரும்பாது. ஆகவே வலப்புறம் திரும்ப வேண்டுமானால், வலப்பக்கச் சக்கரத்துக்குச் சாய்வாகக் கட்டை கொடுத்து அதைத் தாமதப்படுத்துவார்கள், இடப்பக்கம் முன்னேறும், வடமும் வலப்புறம் இழுக்கத் தேர் மெல்ல முகம் திருப்பும். அப்போது சக்கரங்கள் பக்கவாட்டில் தேய்ந்தாக வேண்டும். அந்த உராய்வைக் குறைக்கவே, திருவாரூர் ஆழித்தேர் திரும்பும் முனைகளில் இரும்புத் தகடுகளைப் பரப்பி மசகு தடவுகிறார்கள். அத்தேருக்குத் திருச்சிப் பாரத மிகுமின் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் நீரழுத்தத் தடைக்கருவியும் செய்தளித்திருக்கிறது. பின்னிருந்து தள்ளவும் இயந்திரங்கள் வருகின்றன. இவ்வளவு வந்த பின்பும் முட்டுக்கட்டைக்கு அங்கே ஓய்வு கிடைக்கவில்லை.

இது தேருக்கு மட்டும் உரிய விதியன்று. மேனாடுகளில் விடுமுறைக் காலத்தில் காரின் பின்னால் காரவன் என்னும் சக்கரவீட்டை இழுத்துச் செல்கிறார்கள். காரைக் கழற்றிய பிறகு, ஒன்றரை டன் எடையுள்ள அவ்வண்டியைக் குறுகிய இடத்தில் கையால் தள்ளி நிறுத்த நேர்வதுண்டு. நாம் கொண்ட அதே கணக்கின்படி, கெட்டியான சமதரையில் 30 கிலோகிராம் விசை போதும். இருவர் தள்ளினால் நகரும். இருபதடிக்கு ஓரடி உயரும் சரிவிலோ மேலும் 75 கிலோகிராம் விசை வேண்டும். கை தளர்ந்தால் வண்டி தள்ளியவர் மேலேயே திரும்பி வரும். ஆகவே தள்ளுபவர் இருவரானாலும், சக்கரத்தின் பின்னே கட்டையை வைத்துக்கொண்டே வருபவர் ஒருவர் வேண்டும்.

இதில் மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. விசையைத் திரட்டுவது எளிது. ஊர் கூடினால் போதும். திரட்டிய விசையை அடக்கி ஆள்வதே அரிது. அதற்குப் பழகிய கண்ணும் கையும் வேண்டும். வடம் பிடிக்கும் ஆயிரம் பேரை நாம் காண்கிறோம். சக்கரத்தின் அருகே குனிந்து, தம் கையையும் காலையும் பணயம் வைத்து உழைக்கும் சிலரைக் காண்பதில்லை. அவர்கள் குரல் கொடுத்தால் உடனே வடத்தைத் தளர்த்துங்கள். சக்கரத்திற்கும் அவர்களுக்கும் இடையே எக்காரணத்தாலும் புகாதீர்கள். மாலையில் தேர் நிலைக்கு வந்து, கடைசி இரண்டு அங்குலத்தைத் தடியாலும் கட்டையாலும் சரிசெய்து நிறுத்தும் நேரத்தில் கூட்டம் பெரும்பாலும் கலைந்திருக்கும். நீங்கள் மட்டும் சற்று நின்று அதைப் பாருங்கள். வகுப்பில் படித்த நெம்புகோலும் சாய்தளமும் உராய்வும் அங்கே ஒருங்கே வேலை செய்துகொண்டிருக்கும்.