கல்விக் கடன்களை ஒன்றிணைக்கும் முன்...

அமெரிக்காவில் அரசுப் பணியிலோ லாப நோக்கமற்ற அமைப்பிலோ முழுநேரம் வேலை செய்தபடி, தகுதியான 120 மாதத் தவணைகளை நாம் கட்டினால், மத்திய அரசுக் கல்விக் கடனின் மீதி தள்ளுபடியாகும். 2007-ல் வந்த இச்சலுகை ‘டைரக்ட் லோன்’ வகைக்கு மட்டுமே. பழைய பெர்கின்ஸ் கடனுக்கு அதைப் பெற ஒன்றிணைத்தே ஆகவேண்டும்.

மற்றவற்றில் அவசரம் வேண்டாம். 100 தவணை கட்டிய கடனில் 30,000 டாலரும், 20 தவணை கட்டியதில் 10,000 டாலரும் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் இணைத்தால், தொகைக்கேற்ற சராசரியாக 80 தவணைகளே கணக்கில் வரும். சிறிய கடனுக்கு இது லாபம்; பெரிய கடனுக்கோ 20 மாதக் காத்திருப்பு 40 ஆகிவிடும்.

இணைத்தபின் பிரிக்க முடியாது. ஆகவே கையெழுத்திடும் முன் ஒவ்வொரு கடனின் தவணைக் கணக்கையும் பார்த்துக்கொள்வோம்.