அயல்நாடு போனால் அங்குள்ள விவசாயியைப் பாருங்கள்!

சென்னை ஆதம்பாக்கத்திலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அதிக தூரமில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் கிராமத்துப் பெற்றோர், இந்தப் பக்கம் உறவினர் வீடு இருந்தால் முதல் நாளே வந்து தங்கிவிடுவது வழக்கம். முறுக்கு, பருப்புப்பொடி, வடகம் எல்லாம் பெட்டியில் ஏறிவிடும். மனதில் மட்டும் ஒரு கவலை: ‘பாஷை தெரியாத ஊரில் மூணு மாசம் யார்கிட்ட பேசுறது?’

மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் நாலு சுவருக்குள் கிடப்பது, தினமும் வரப்பில் நடந்து பழகியவருக்குச் சிறைதான். ஆனால், விவசாயிக்கு எந்த நாட்டிலும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவர், அந்த ஊர் விவசாயி.

மடகாஸ்கர் தந்த நாற்று

ஆன்றி த லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், 1961-ல் மடகாஸ்கர் தீவுக்குப் போனார். வேளாண்மை படித்தவர்தான். ஆனாலும், அங்குள்ள நெல் விவசாயிகளோடு பழகி, அவர்கள் செய்வதைக் கூர்ந்து கவனித்தார். சிலர் கொத்தாக நடாமல் ஒற்றை நாற்றாக நட்டார்கள். சிலர் தண்ணீரைத் தேக்கி வைக்காமல் காயவிட்டுப் பாய்ச்சினார்கள். 1983-ல் 15 நாளே ஆன நாற்றை நட நேர்ந்தது. அது தூர் கட்டிய விதம் அவரையே வியக்க வைத்தது.

இவையெல்லாம் சேர்ந்து உருவானதுதான், நம் ஊரில் ‘ஒற்றை நாற்று நடவு’ என்று சொல்லும் திருந்திய நெல் சாகுபடி. 14 நாள் நாற்று, 22.5 செ.மீ. சதுர இடைவெளி, ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை, கோனோவீடர் என்று இன்று நாம் செய்வதற்கு வேர், முன்பின் பார்க்காத அந்தத் தீவு விவசாயிகளின் வயலில் இருக்கிறது.

எப்படிப் பழகுவது?

நம் உழவர் சந்தை போல, விவசாயிகளே நேரடியாக விற்கும் வாரச் சந்தைகள் பல நாடுகளில் உண்டு. கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். கொஞ்சம் காய் வாங்கிவிட்டு, செல்போனில் உங்கள் வயலின் படத்தைக் காட்டுங்கள். பாதி பேச்சை அந்தப் படமே பேசிவிடும். மீதியைப் பேரப்பிள்ளை மொழிபெயர்த்துச் சொல்லட்டும். தண்ணீர், கூலி, விலை என்று மூன்றைக் கேட்டால் போதும். எந்த ஊர் விவசாயியும் மனம் திறப்பார். அவர் அழைத்தால் மட்டுமே பண்ணைக்குப் போங்கள். செருப்பில் மண் ஒட்டியிருந்தால் கழுவிவிட்டு உள்ளே போங்கள்.

விதை வேண்டாம்

பழகிய பாசத்தில் அவர் விதையோ, பதியனோ கொடுத்தால், அன்போடு மறுத்துவிடுங்கள். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதை, செடிகளைக் கொண்டு வருவதை 2003-ம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை தடுக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று அது அழித்ததை நம் விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2010-ல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது.

ஒரு நோட்டில் அவர் சொன்னதை எழுதி வாருங்கள். அதைச் சோதிக்க ஐந்து சென்ட் போதும். பலன் கிடைத்தால், பக்கத்து வயல்காரருக்கும் சொல்லுங்கள்.