தானே பூட்டிக்கொள்ளும் கணினி

திருவண்ணாமலை மாவட்டத்தில், சவ்வாது மலையின் அடிவாரத்தே படவேடு என்னும் ஊர் அமைந்துள்ளது. மலையினின்று இழிந்து வரும் கமண்டல நாகநதி அப்பகுதியை வளப்படுத்துகின்றது. வாழைத் தோட்டங்களும் இரேணுகாம்பாள் திருக்கோயிலும் இன்று அவ்வூர்க்குப் பெயர் தருவன. பண்டைக்காலத்தில் அது பெயர் பெற்றதோ வேறொரு சிறப்பினால் ஆகும். தொண்டை மண்டலத்தின் ஒரு பகுதியை ஆண்ட சம்புவராயர்க்கு அதுவே தலைநகராய் விளங்கிற்று. படை தங்கும் இடம் படைவீடு எனப்படும். அப்பெயரே மக்கள் நாவில் வழங்கி வழங்கிப் படவேடு என மருவிற்று.

படைவீடு எனின் அங்கே மதில் உண்டு. மதில் உண்டாயின் வாயில் உண்டு. வாயில் உண்டாயின் காவலரும் உண்டு. வாயில் காப்போர் தொழில் இரண்டு. ஒன்று கதவை அடைத்தல், மற்றொன்று திறத்தல். இவ்விரண்டும் ஒரு தன்மையன அல்ல. கதிரவன் மறைந்தவுடன் கதவை அடைத்துவிடலாம். தொலைவில் புழுதி எழக் கண்டாலும் அடைத்துவிடலாம். திறக்க வேண்டுமாயின், வந்தவர் இன்னார் என்பது ஐயத்திற்கு இடமின்றி விளங்குதல் வேண்டும். அடைத்தற்கு ஐயம் போதும். திறத்தற்குத் தெளிவு வேண்டும். கோட்டைக் காவலுக்குரிய இந்நெறி இக்காலக் கணினிக் காவலுக்கும் பொருந்துவதாகும்.

முன்னாளில் அரசர் தம் செல்வத்தை மதிலுக்குள் வைத்துக் காத்தனர். இந்நாளில் எளிய மக்களின் உடைமைகளும் எழுத்தாகவும் எண்ணாகவும் மாறிக் கணினிக்குள் இருக்கின்றன. நிலப் பட்டா, ஆதார் எண், வங்கிக் கணக்கு, சாதிச் சான்று, பள்ளி மதிப்பெண் ஆகிய யாவும் அவ்வாறு வைக்கப்பட்டவையே. படவேட்டைப் போன்றதோர் ஊரில் இயங்கும் கணினிச் சேவை நிலையம் ஒன்றை மாணவர் தம் மனக்கண்முன் கொண்டுவருக. மலைமேல் உள்ள சிற்றூரினின்று ஒரு மாணவி தன் தந்தையுடன் இறங்கி வந்திருக்கின்றாள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் செய்தல் அவள் நோக்கம். அலுவலர் அவளுடைய விவரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவு செய்கின்றார். அவ்வேளையில் வெளியே யாரோ அழைக்க, அவர் எழுந்து செல்கின்றார். கணினித் திரை திறந்தே கிடக்கின்றது. அருகில் நிற்கும் அயலான் ஒருவன் அத்திரையைத் தன் கைப்பேசியால் படம் பிடித்துக்கொள்ள எத்துணை நேரம் வேண்டும்? ஒரு நொடி போதும். அவ்விருக்கையில் அமர்ந்து வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி எழுதவோ இரண்டு நிமிடம் போதும். அதனால் விளையும் இழப்பு எழுந்து சென்றவர்க்கு அன்று. நம்பி வந்த அம்மாணவிக்கே ஆகும்.

கணினிக்குப் பூட்டு இல்லையோ எனின், உண்டு. கடவுச்சொல்லே அதன் திறவுகோல். பூட்டினால், அச்சொல்லை அறிந்தவரன்றிப் பிறர் அதனைத் திறத்தல் அரிது. ஆயினும் எத்துணை வலிய பூட்டாயினும், பூட்டுவார் மறந்தால் அது வெறும் இரும்பே. திண்டுக்கல் பூட்டின் உறுதி நாடறிந்தது. 2019ஆம் ஆண்டில் அது புவிசார் குறியீடும் பெற்றது. அப்பூட்டும் கதவில் திறந்தபடி தொங்கினால் கள்வனைத் தடுக்குமோ? தடுக்காது. காவலுக்கு முதற்பகை கள்வன் அல்லன், மறதியே. இதனை நன்குணர்ந்த திருவள்ளுவர், மறதியின் தீமையைக் கூறப் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார்.

மனிதன் மறந்தபோதும் மறவாத காவல் ஒன்று வேண்டும் என்று அறிஞர் எண்ணினர். கணினிமுன் இருந்தவர் எழுந்து சென்றார் என்பதைக் கணினி எவ்வாறு அறியும்? அதற்குக் கண் இல்லை, காது இல்லை. ஆனால், இக்காலத்தில் மக்கள் எங்குச் செல்லினும் கைப்பேசியை உடன்கொண்டே செல்கின்றனர். ஆதலின், கைப்பேசி அருகில் இருந்தால் உரியவர் அருகில் உள்ளார் எனவும், அஃது அகன்றால் அவரும் அகன்றார் எனவும் கொள்ளலாம். இவ்வெண்ணமே தானே பூட்டிக்கொள்ளும் கணினிக்கு அடிப்படை ஆயிற்று.

கைப்பேசியின் அண்மையைக் கணினிக்கு அறிவிப்பது கம்பியில்லா அலை. இத்துறையில் முன்னின்று உழைத்தோருள் இந்தியரும் ஒருவர் உளர். 1895ஆம் ஆண்டில் கல்கத்தா நகர மண்டபத்தில் சகதீச சந்திர போசு என்னும் அறிவியலறிஞர், மின்காந்த அலைகளைச் சுவரையும் ஊடுருவச் செலுத்தித் தொலைவில் இருந்த மணி ஒன்றை ஒலிக்கச் செய்தார். கம்பி இல்லாமலே செய்தி செல்லக்கூடும் என்பதை அவையோர் கண்ணாரக் கண்டனர்.

இன்று கைப்பேசிக்கும் கணினிக்கும் இடையே சிறு தொலைவில் செய்தி கொண்டுசெல்லும் முறை புளூடூத் எனப்படும். சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தார் 1994ஆம் ஆண்டில் இதற்கான ஆய்வைத் தொடங்கினர். 1998ஆம் ஆண்டில் எரிக்சன், இன்டெல், நோக்கியா, தோசிபா, ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்கள் ஒன்றுகூடி இதற்குப் பொது விதிகள் வகுக்கத் தலைப்பட்டன. புளூடூத் என்பதற்கு நீலப்பல் என்பது பொருள். பத்தாம் நூற்றாண்டில் தென்மார்க்கு நாட்டை ஆண்ட ஆரால்டு என்னும் மன்னனின் பட்டப்பெயர் அது. பிரிந்து கிடந்த மக்களை அவன் ஒன்றுபடுத்தியது போல, வெவ்வேறு கருவிகளை இம்முறை ஒன்றுபடுத்தும் என்னும் கருத்தால் அப்பெயர் இடப்பட்டது.

புளூடூத் அலைகள் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிர்வன. அவ்வலை ஒன்றன் நீளம் ஏறத்தாழ பன்னிரண்டரை சென்டிமீட்டர் ஆகும். இதே அலைவரிசையைப் பிற கருவிகளும் பயன்படுத்துவதால், செய்திகள் ஒன்றோடொன்று மோதக்கூடும். அம்மோதலைத் தவிர்க்கத் தொடக்கக்கால முறையில் 79 அலைத்தடங்கள் வகுக்கப்பட்டன. இணைந்த கருவிகள் இரண்டும் ஒரு நொடிக்கு 1,600 முறை தடம் மாறி மாறித் தாவும். தாவும் வரிசை அவ்விரண்டற்கும் தெரியும். இவ்வாறு அலைமாற்றிச் செய்தி அனுப்பும் ஒரு முறைக்கு 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இருவருள் ஒருவர் ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகை ஆவார் என்பது அறியத்தக்கது.

கைப்பேசியும் கணினியும் முதன்முறை சந்திக்கும்போது அவற்றை இணைசேர்த்தல் வேண்டும். இரு திரைகளிலும் ஓர் எண் தோன்றும். இரண்டும் ஒத்திருத்தலைக் கண்டு உரியவர் இசைவு தந்தால், கருவிகள் இரண்டும் தமக்குள் மறைகுறி ஒன்றை அமைத்துக்கொள்ளும். பின்னர், அறையில் எத்தனை கைப்பேசிகள் இருப்பினும் கணினி தன் இணையை மட்டும் அடையாளம் காணும்.

அகன்றமையை அது அறிவது எங்ஙனம்? கோயில் மணியோசை அருகில் நிற்பவர்க்குப் பேரொலியாகக் கேட்கும்; தெருக்கோடியில் நிற்பவர்க்கு மெல்லொலியாகக் கேட்கும்; ஊர்ப்புறத்தே செல்பவர்க்குக் கேளாது போகும். அலையின் வலிமையும் அத்தகையதே. தடையற்ற வெளியில் தொலைவு இரு மடங்கானால் வலிமை நான்கில் ஒரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். வந்து சேரும் அலையின் வலிமையைக் கணினி அளந்துகொண்டே இருக்கும். அது குறித்த எல்லைக்குக் கீழே தாழ்ந்தாலோ, தொடர்பு அறுந்தாலோ, உரியவர் அகன்றார் என்று துணிந்து திரையைப் பூட்டிவிடும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் தன் விண்டோசு 10 இயங்குதளத்தில் டைனமிக் லாக் என்னும் பெயரால் இவ்வசதியைச் சேர்த்தது. லினக்சு இயங்குதளத்தில் இத்தகைய பணியைச் செய்யும் நிரல்கள் அதற்கும் முன்னரே இருந்தன. விண்டோசு கணினியில் இதனை அமைப்பது எளிது. முதலில் கைப்பேசியைப் புளூடூத் வழியே இணைசேர்த்தல் வேண்டும். பின்னர், அமைப்புகள் பகுதியில் கணக்குகள் என்பதன் கீழ் உள்ள உள்நுழைவு முறைகளில், டைனமிக் லாக் என்பதற்கு எதிரே குறியிடுதல் வேண்டும். அதன்பின் உரியவர் கைப்பேசியுடன் அகன்று தொடர்பெல்லையைக் கடந்தால், ஒரு நிமிட அளவில் கணினி தானே பூட்டிக்கொள்ளும்.

அகன்ற அந்நொடியிலேயே பூட்டாமல் காத்திருப்பது ஏன் என்று கேட்கலாம். மனித உடலில் நீர் மிகுதி. இவ்வலைகளை நீர் ஓரளவு உறிஞ்சும் இயல்புடையது. ஆதலின், ஒருவர் திரும்பி நின்றாலும், கைப்பேசிக்கும் கணினிக்கும் நடுவே மற்றொருவர் வந்தாலும் அலையின் வலிமை குன்றும். அதனை அகற்சி என்று பிழைபட எண்ணி அடிக்கடி பூட்டினால், பணி செய்வோர் சலிப்புற்று அவ்வசதியையே நீக்கிவிடுவர். அளவு கடந்த ஐயமும் காவலைக் கெடுக்கும்.

இனி, கைப்பேசி திரும்பி வந்ததும் கணினி தானே திறந்துகொள்ளுமோ எனின், டைனமிக் லாக் அவ்வாறு திறப்பதில்லை. அதற்குத் தக்க காரணம் உண்டு. கள்வர் இருவர் கூடினால், ஒருவன் கைப்பேசிக்கு அருகில் நின்று அதன் அலையைப் பெற்று அனுப்ப, மற்றவன் கணினிக்கு அருகில் நின்று அதனை ஒலிபரப்பலாம். தொலைவில் இருக்கும் கைப்பேசி அருகில் இருப்பதாகவே தோன்றும். இத்தகைய சூழ்ச்சியால் புளூடூத் பூட்டுடைய மகிழுந்து ஒன்றைத் திறக்கக்கூடும் என்பதை 2022ஆம் ஆண்டில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் மெய்ப்பித்துக் காட்டினர். கைப்பேசி அகன்றது என்பது பூட்டுவதற்குப் போதிய சான்று. அது வந்தது என்பதோ திறப்பதற்குப் போதிய சான்று அன்று. அடைத்தற்கு ஐயம் போதும், திறத்தற்குத் தெளிவு வேண்டும் என்னும் வாயிற்காவலர் நெறி இங்கும் விளங்குதல் காண்க.

இக்காவலுக்கும் குறைகள் உள. கைப்பேசியை மேசைமீதே வைத்துவிட்டுச் சென்றால், உரியவர் அருகில் இருப்பதாகவே கணினி எண்ணிக்கொண்டிருக்கும். பல கைப்பேசிகளின் புளூடூத் அலை பத்து மீட்டர் அளவும் செல்லும். ஆதலின், அடுத்த அறைக்கோ திண்ணைக்கோ சென்றவரை அது அகன்றவராகக் கருதாது. எல்லை கடந்தவர்க்கும் ஒரு நிமிட இடைவெளி உண்டு. அயலான் படம் பிடிக்க ஒரு நொடியே போதும் என்று முன்னர்க் கண்டோம் அல்லவா? அந்நொடியை இக்கருவி காக்காது. கணக்கு எண்ணை மாற்ற அமர்பவனை ஒருவேளை இடையில் தடுக்கும், அவ்வளவே. முதல் நொடியைக் காப்பது மனிதனின் கையே ஆகும்.

அதற்கும் வழி எளிது. விண்டோசு விசையையும் எல் என்னும் எழுத்துக்குரிய விசையையும் ஒருசேர அழுத்தினால் கணினி அக்கணமே பூட்டிக்கொள்ளும். இருக்கையை விட்டு எழும்போதெல்லாம் இதனைச் செய்தல் வழக்கமாதல் வேண்டும். ஆளில்லா வேளையில் சில நிமிடங்கட்குப் பின் திரை தானே பூட்டிக்கொள்ளும் அமைப்பும் உண்டு. அதனையும் இயங்கச் செய்தல் நன்று. கை முதற்காவல், கைப்பேசி இரண்டாம் காவல், காலம் மூன்றாம் காவல். ஒன்று தவறினும் மற்றொன்று துணை நிற்கும்.

பிறர்தம் கடவுச்சொல்லையோ தனி அடையாளக் குறியையோ வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் கூறுகின்றது. ஆயினும் சட்டம் பெரும்பாலும் தீங்கு நிகழ்ந்தபின் வருவது. காவலோ தீங்கு நிகழுமுன் நிற்பது. இன்று பள்ளியில் பயிலும் மாணவர் நாளை அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் கணினிமுன் அமர்வர். அவர்தம் திரையில் தோன்றும் பெயரும் எண்ணும் அவர்க்கு உரியன அல்ல. நம்பி ஒப்படைத்த பிறர்க்கு உரியன. மலையினின்று இறங்கி வந்த மாணவி, தன் விவரங்களைக் கூறியபின் அமைதியுடன் ஊர் திரும்புதல் வேண்டும். அவ்வமைதிக்குப் பொறுப்பு, இருக்கையை விட்டு எழுபவரின் கையில் உள்ளது.