மார்ச்சில் வாங்குவதும் ஏப்ரலில் வாங்குவதும்

அமெரிக்காவில் 'புட்போல்' என்றால் அது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, முட்டி மோதி முன்னேறும் ஆட்டம் அது. றகருக்கு ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம். நான் அதைக் கவனிப்பது ஆட்டத்துக்காக அல்ல, கணக்குக்காக. கடை நடத்தும் எவரும் ஒரு தடவையாவது புரட்டிப் பார்க்க வேண்டிய கணக்கு அது.

என்.எப்.எல். எனப்படும் தேசிய லீக்கில் 32 கழகங்கள் உள்ளன. பருவ காலத்தில் ஒவ்வொன்றும் 53 வீரர்களை வைத்திருக்கும். 1994 முதல், இடையில் ஓராண்டு தவிர, சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்து வருகிறது. 2024 இல் அது கழகமொன்றுக்கு 255.4 மில்லியன் டொலர். உரிமையாளர் எத்தனை கோடிக்கு அதிபதியானாலும் வரம்பு ஒன்றுதான். ஒப்பந்தப் பணத்தை வருடங்களுக்குப் பிரித்து எழுதிக் கணக்கை நீட்டும் வித்தைகள் உண்டு. ஆனால் இன்று தள்ளிப் போட்டது நாளை கணக்கில் வந்து நிற்கும். ஆக எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே முதல். எதை, எப்போது, என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஆள் எடுக்க இரண்டு சந்தைகள் உண்டு. முதலாவது மார்ச்சில் திறக்கும். ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் யாருக்கும் கட்டுப்படாதவர்களாக வெளியே வருவார்கள். 'ப்ரீ ஏஜன்ட்' என்பது இவர்களைத்தான். விலை ஒத்து வந்தால் எந்தக் கழகமும் எடுத்துக்கொள்ளலாம். பார்த்துப் பழகிய சரக்கு, ஆனால் கிராக்கி விலை. இரண்டாவது, ஏப்ரல் இறுதியில் நடக்கும் 'ட்ராப்ட்'. பல்கலைக்கழக அணிகளில் ஆடிய இளைஞர்களைக் கழகங்கள் முறை வைத்து எடுக்கும். கடந்த பருவத்தில் கடைசியாக வந்த கழகத்துக்கே முதல் முறை. ஏழு சுற்றுகள். எடுக்கப்பட்டவருக்கு நான்கு வருட ஒப்பந்தம். எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்துச் சம்பளம் ஏறக்குறைய முன்கூட்டியே நிர்ணயமாகிவிடும். இந்த நிர்ணயம் 2011 இல் வந்தது. அதற்கு முந்திய வருடம் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிரட்போர்டுக்கு 50 மில்லியன் டொலர் உத்தரவாதம் கொடுக்க நேர்ந்தது. 2011 இல் முதல் ஆளான கேம் நியூட்டனுக்கோ நான்கு வருடத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 22 மில்லியன்தான். மலிவான சரக்கு, ஆனால் காய். பழுக்குமா வெம்புமா என்பது பிறகுதான் தெரியும்.

இந்த இரு சந்தைகளின் கதையும் ஒரே ஊரோடு பின்னிக் கிடக்கிறது. ட்ராப்ட் முறையை முன்மொழிந்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் கழகத்தின் அன்றைய உரிமையாளர் பேர்ட் பெல். பணக்காரக் கழகங்களோடு விலை பேசி அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1936 இல் முதலாவது ட்ராப்ட் நடந்தபோது முதல் ஆளாக அவர் எடுத்த ஜே பேர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றேனும் ஆடவில்லை. பேசிய சம்பளம் ஒத்துவரவில்லை. பின்னாளில் பிளாஸ்டிக், றப்பர் பாகங்கள் செய்யும் சொந்தத் தொழிலில் இறங்கிய அவரைக் கெட்டிக்காரர் என்றே நான் சொல்வேன். மறுபக்கம், ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய முதலாளியை விட்டுப் போக முடியாத நிலையை எதிர்த்து வீரர்கள் வழக்காடியே 1993 இல் விடுதலைச் சந்தையைப் பெற்றார்கள். அந்த வழக்குகளில் பெயர் கொடுத்தவர்களுள் ஈகிள்ஸ் வீரர் ரெஜி வைட்டும் ஒருவர். கதவு திறந்ததும் நான்கு வருடத்துக்கு 17 மில்லியன் டொலருக்கு கிரீன் பே கழகத்துக்குப் போய்விட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அதே ஈகிள்ஸ் 2011 இல் செய்த கொள்வனவையும் 2024 இல் செய்த கொள்வனவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு தடவையும் பொது முகாமையாளர் ஹோவி ரோஸ்மன்தான். முதல் தடவை கடைசி வார்த்தை தலைமைப் பயிற்றுவிப்பாளர் அன்டி ரீடினுடையது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும்.

2011 இல் சந்தைகளின் வரிசையே தலைகீழானது. உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்குமிடையிலான தகராறில் கதவடைப்பு நடந்ததால் ட்ராப்ட் ஏப்ரலிலும் விடுதலைச் சந்தை ஜூலை இறுதியிலும் வந்தன. முன்வரிசைத் தடுப்பில் இருந்த ஓட்டையை ஏப்ரலிலேயே அடைக்க வேண்டிய நெருக்கடி. முதற் சுற்றில் 26 வயதான டனி வோட்கின்ஸை எடுத்தார்கள். கனடாவில் தீயணைப்பு வீரராக இருந்தவர். இரண்டு பருவங்கள் கழித்து விடுவிக்கப்பட்டார். ஜூலையில் கடை திறந்ததும் பெயர் பெற்றவர்களாகப் பார்த்து அள்ளினார்கள். ஓக்லண்டில் பேர்போன தடுப்பு வீரர் நம்டி அசமுவாவுக்கு ஐந்து வருடத்துக்கு 60 மில்லியன். வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் இதைக் 'கனவு அணி' என்று வர்ணிக்க, பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன.

ஆனால் நடுக்களத் தற்காப்பு, அதாவது 'லைன்பெக்கர்' என்ற இடம், வெறுமையாகக் கிடந்தது. நான்காம் சுற்றில் எடுத்த புதியவர் ஒருவரை அங்கே நிறுத்தினார்கள். சில ஆட்டங்களிலேயே மாற்ற வேண்டியதாயிற்று. அசமுவா ஓக்லண்டில் ஒரே எதிராளியை ஒட்டிக்கொண்டு ஆடிப் பேரெடுத்தவர். இங்கே அவருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கு தோல்வி. பருவ முடிவில் 8 வெற்றி, 8 தோல்வி. அடுத்த வருடம் 4 வெற்றி, 12 தோல்வி. ரீட் வேலையிழந்தார். 2013 மார்ச்சில் அசமுவாவும் விடுவிக்கப்பட்டார். இதில் வேடிக்கை, அந்த வருடத்து மிகப் பெரிய இலாபம் யார் கண்ணிலும் படாமல் ஆறாம் சுற்றில் கிடந்தது. 191 ஆவது ஆளாக எடுக்கப்பட்ட ஜேசன் கெல்சி 13 பருவங்கள் அணியின் நடுத்தூணாக நின்றார்.

அந்தத் தூண் 2024 மார்ச்சில் ஓய்வு பெற்றது. நிலைமை அப்போது நன்றாக இல்லை. 2023 பருவத்தில் முதல் 11 ஆட்டங்களில் 10 ஐ வென்ற அணி பிறகு சரிந்து, தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே 32க்கு 9 என வெளியேறியிருந்தது. பின்களத் தடுப்பு ஓட்டை. நடுக்களத் தற்காப்பு ஓட்டை.

கெல்சியின் இடத்துக்கு ஆள் தேட சந்தைக்கே போகவில்லை. 2022 ட்ராப்டில் இரண்டாம் சுற்றில் எடுத்து, பக்கத்து இடத்தில் ஆட வைத்துப் பழக்கிய கேம் ஜேர்கன்ஸ் கைவசம் இருந்தார். அவர் நகர்ந்ததால் காலியான இடத்துக்கு மெக்காய் பெக்டனை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். 2020 இல் நியூயோர்க் ஜெட்ஸ் 11 ஆவது ஆளாக எடுத்து, காயங்களால் பின்தங்கியவர். பிலடெல்பியாவில் அவருக்கு ஆட்டத்தில் இடத்தையே மாற்றிக் கொடுத்தார்கள், நன்றாகப் பொருந்தியது. நடுக்களத்துக்கு நியூ ஓர்லியன்ஸில் ஓரத்தில் கிடந்த ஸக் பௌன், ஒரு வருடத்துக்கு 3.5 மில்லியன். புதிய தற்காப்புப் பயிற்றுவிப்பாளர் விக் பான்ஜியோ அவரை வேறு இடத்தில் ஆட வைத்தார். பருவ முடிவில் லீக்கின் முதல்தர அணியில் பௌனுக்கு இடம் கிடைத்தது. பெரிய விலையும் கொடுத்தார்கள்: நியூயோர்க் ஜயன்ட்ஸ் தக்கவைக்காத சேகுவன் பார்க்லிக்கு மூன்று வருடத்துக்கு 37.75 மில்லியன். அவர் அந்தப் பருவத்தில் 2,005 யார் ஓடினார்.

மார்ச்சில் இவற்றில் பெரும்பாலானவை முடிந்திருந்ததால் ஏப்ரலில் பதற்றமில்லை. முதற் சுற்றில் தமது முறை வரும்வரை அசையாமல் இருந்து 22 ஆவது ஆளாகக் குவின்யன் மிச்சலையும், இரண்டாம் சுற்றில் பேரம் பேசி முன்னேறி 40 ஆவது ஆளாகக் கூப்பர் டிஜீனையும் எடுத்தார்கள். இருவரும் பின்களத் தடுப்பு வீரர்கள். அந்தப் பருவத்தில் லீக்கிலேயே மிகக் குறைந்த யார்களை விட்டுக்கொடுத்த அணி ஈகிள்ஸ்தான்.

எல்லாமே பொன்னாகவில்லை. மூன்று வருடத்துக்கு 51.1 மில்லியனுக்கு வாங்கிய பிரைஸ் ஹஃப் எடுபடவில்லை. இறுதிப் போட்டிக்கான ஆட்டக்காரர் பட்டியலில்கூட அவர் இல்லை. ஒரு பிழையான கொள்வனவைத் தாங்க முடிந்தது, மற்ற ஓட்டைகளை மலிவில் அடைத்திருந்ததால்தான் என்பது என் கணிப்பு.

2025 பெப்ரவரி 9 இல் இறுதிப் போட்டி. எதிரணி கன்சாஸ் சிட்டி. அதன் பயிற்றுவிப்பாளர் வேறு யாருமல்ல, பிலடெல்பியா அனுப்பிவிட்ட அதே அன்டி ரீட். அங்கே போய் மூன்று கிண்ணங்களை வென்றிருந்தார். ஈகிள்ஸ் 40க்கு 22 என வென்றது. டிஜீன் எதிரணியின் பந்தைப் பறித்துக் கொண்டோடிப் புள்ளி எடுத்தார். அன்று அவருக்குப் பிறந்த நாள்.

அடுத்த மார்ச்சில் சரக்குக் கலைந்தது. மில்டன் வில்லியம்ஸை நான்கு வருடத்துக்கு 104 மில்லியன் கொடுத்து நியூ இங்கிலாந்து கொண்டு போயிற்று. பெக்டன் லொஸ் ஏஞ்சலஸுக்குப் போனார். பௌனை மட்டும் மூன்று வருடத்துக்கு 51 மில்லியனுக்குப் பிடித்து வைத்தார்கள். ஏப்ரல் ட்ராப்டில் சம்பியன் என்பதால் முதற் சுற்றில் 32 ஆவது, அதாவது கடைசி முறை. ரோஸ்மன் ஐந்தாம் சுற்றுத் தெரிவொன்றைக் கன்சாஸ் சிட்டிக்கே கொடுத்து ஓரிடம் முன்னேறி, ஜிஹாட் கம்பெல் என்ற லைன்பெக்கரை எடுத்தார். தோளில் சத்திரசிகிச்சை செய்து சில வாரங்களே ஆகியிருந்த இளைஞர். அதுவரை யாரும் எடுக்காமல் அவர் மிஞ்சியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.