இரு தேசங்களின் பற்றுவரவு

ஓப்பநாயக்கவுக்கு ஒரு காலத்தில் புகையிரதம் வந்தது என்று கூறினால் நம் மாணவர்கள் நகைக்கின்றனர். களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய இருப்புப்பாதை 1919ஆம் வருஷம் இவ்வூரை எட்டியது, 1976இல் மூடப்பட்டது. அப்பாதை வழியே தேயிலையும் இறப்பரும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கின. கப்பலில் வந்த அரிசியும் துணியும் மலைக்கு ஏறின. ஒரு தேசத்தின் நடைமுறைக் கணக்கு யாதென்று படிப்பிக்கும்போது நாம் கரும்பலகையில் வரைவது இப்புகையிரதத்தைத்தான். இறங்குவது வரவு; ஏறுவது செலவு. உல்லாசப் பிரயாணிகள் தரும் பணம், பிறருக்குக் கட்டும் வட்டி, அந்நிய தேசத்தில் உழைப்போர் வீட்டுக்கு அனுப்பும் பணம் ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டிக் கழித்தால், வருஷ முடிவில் மிகையோ பற்றாக்குறையோ எஞ்சும்.

ஒருவர் ஏட்டில் பற்றாக இருப்பது மற்றொருவர் ஏட்டில் வரவாகும். நம் பாட்டன்மார் இத்தோட்டங்களிலிருந்து திருச்சிக்கும் சேலத்துக்கும் மணியோடர் அனுப்பிய நாளில், அந்தப் பத்து ரூபா இலங்கைக்குச் செலவு, இந்தியாவுக்கு வரவு. 1964ஆம் வருஷத்து ஒப்பந்தத்துக்குப் பின் குடும்பங்களே இரு ஏடுகளாகப் பிரிந்தன. ஆகவே இவ்விரு தேசங்களின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்கு வெறும் பாடமன்று.

சென்ற தவணையில் மாணவன் ஒருவன் எழுந்து ஒரு கேள்வி கேட்டான். அவன் தாயார் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறார். “2023இல் நாட்டுக்கு மிகை வந்துவிட்டது என்கிறீர்களே, சேர். அப்படியானால் இனி அம்மா திரும்பி வரலாந்தானே?”

அவன் கூறிய மிகை உண்மையே. 1978 முதல் 2022 வரை 45 வருஷங்கள் இடைவிடாது பற்றாக்குறை கண்ட இலங்கை, 2023இல் 140 கோடி டொலருக்கு மேல் மிகை கண்டது. அதற்கு முன் மிகை கண்ட வருஷம் 1977.

அந்த 1977ஐச் சற்று நின்று பார்ப்போம். 1975இல் பிரேசில் நாட்டுக் கோப்பித் தோட்டங்கள் உறைபனியால் கருகின. கோப்பி விலை ஏற, தேயிலை விலையும் உடன் ஏறிற்று. நம் மலைகளுக்கு அது அதிர்ஷ்டம். ஆயினும் மிகைக்கு அது மட்டுமா காரணம்? இறக்குமதியை அரசாங்கம் இறுகக் கட்டியிருந்த காலம் அது. பாணுக்கு வரிசை, சோற்றுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு. 1973, 1974ஆம் வருஷங்களில் பங்கீட்டு உணவு குறைந்து, தோட்டங்களில் பட்டினி புகுந்தது. மரண விகிதமும் உயர்ந்தது. வயிற்றைக் கட்டினால் கடைக்காரனின் பற்றுக் கொப்பியில் பாக்கி குறையத்தான் செய்யும். அதைச் செல்வம் என்று நாம் கூறமாட்டோம்.

2023இன் கதையும் பெரிதும் வேறன்று. 2021இல் ஏறத்தாழ 2,060 கோடி டொலராயிருந்த இறக்குமதி, 2023இல் 1,680 கோடியாகச் சுருங்கியது. 2020இல் நிறுத்தப்பட்ட மோட்டார் வாகன இறக்குமதி 2025 வரை முழுதாகத் திறக்கப்படவில்லை. உல்லாசப் பிரயாணிகள் மீண்டும் வரத் தொடங்கியதும் உதவிற்று. 2024இலும் மிகை நின்றது. அது ஏறத்தாழ 120 கோடி.

இனி அக்கரையைப் பார்ப்போம். 1990-91இல் இந்தியாவின் பற்றாக்குறை, தேசிய உற்பத்தியில் 3 வீதம். அதைத் தாங்க மாட்டாமல் 1991 ஜூலையில் 47 தொன் பொன்னை இங்கிலாந்து வங்கிக்கு அனுப்பி அடகு வைக்க நேர்ந்தது. ஆனால் 2012-13இல் பற்றாக்குறை 4.8 வீதமாயிற்று, டொலர்க் கணக்கில் 8,800 கோடி. ரூபா சரிந்தது, பொன் இறக்குமதித் தீர்வை 10 வீதமாக உயர்ந்தது, ஆயினும் தேசம் கவிழவில்லை. இலங்கையோ 2021இல் ஏறத்தாழ 4 வீதப் பற்றாக்குறையோடு நின்று, 2022 ஏப்ரல் 12ஆம் தேதி அந்நியக் கடனைக் கட்ட இயலாதென்று அறிவித்தது.

பெரிய பள்ளத்தில் விழுந்தவர் எழுந்தார். சிறிய பள்ளத்தில் விழுந்தவர் எழவில்லை. ஏன்? பள்ளத்தை எதனால் நிரப்பினர் என்பதிலேயே விடை இருக்கிறது. இந்தியாவுக்கு 1991க்குப் பின் அந்நிய முதலீடு வந்தது; கணினித் தொழில் வளர்ந்தது; செலாவணி இருப்பும் திரண்டது. 2024 மார்ச்சில் அவ்விருப்பு 60,000 கோடி டொலரைத் தாண்டியிருந்தது. இலங்கை 2007 முதல் சர்வதேசச் சந்தையில் கடன் முறிகளை விற்று நிரப்பிக்கொண்டது. கடன் கொடுப்போர் கையை மூடியதும் பள்ளம் வாயைத் திறந்தது. அவ்வருஷம் ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவி தந்தது அயலிலுள்ள இந்தியாவே.

இந்தியாவுக்கும் 2020-21இல் மிகை வந்தது. பெருந்தொற்றால் ஊரடங்கிக் கடைகள் பூட்டப்பட்ட வருஷம் அது. அம்மிகையை அங்கே எவரும் கொண்டாடியதாக நாம் அறியோம்.

இவற்றையெல்லாம் அம்மாணவனுக்கு விளக்கிய பின், 2023ஆம் வருஷத்துப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினோம். அவ்வருஷம் சரக்கு வியாபாரத்தில் மட்டும் 490 கோடி டொலர் பற்றாக்குறை. அதை அடைத்ததில் பெரும்பங்கு, வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய 597 கோடி. “உன் தாயார் அனுப்புவதும் இதற்குள்ளேதான் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் ஒருசேரத் திரும்பினால் இந்த மிகை நில்லாது, தம்பி” என்றோம்.

அவன் அந்த எண்ணைக் கொப்பியில் எழுதிக்கொண்டான். பிறகு, தேயிலைக்கு எவ்வளவு என்று கேட்டான்.

131 கோடி என்றோம்.