அபாயத்தின் சமூக அடிப்படை: முல்லைத்தீவுச் சத்திரசிகிச்சைத் தீர்மானங்கள் பற்றிய ஒரு நோக்கு

மரண அபாயம் மிகுந்த நோயாளிக்கு அவசர சத்திரசிகிச்சை செய்வதா, தவிர்ப்பதா எனும் வினா, வைத்தியரின் அறிவுக்கும் நோயாளியின் உடலுக்கும் இடைப்பட்டதாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. வினா அவ்விரண்டோடு முடிவதில்லை என்பதை 2009 இன் முல்லைத்தீவு உணர்த்துகின்றது.

இத்தீர்மானத்தின் இயல்பை முதலில் நோக்குவோம். வயது, குருதியமுக்கம், சிறுநீரகங்களின் நிலை, கிருமித்தொற்றின் கடுமை முதலியவற்றைக் கொண்டு அபாயம் கணிக்கப்படுகின்றது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2013 இல் தொடங்கிய அவசர வயிற்றறைச் சத்திரசிகிச்சைக் கணக்காய்வு, மரண அபாயம் 5 சதவீதத்தை எட்டினால் மூத்த சத்திரசிகிச்சை நிபுணரும் மயக்கமருந்து நிபுணரும் உடனிருத்தலையும், தீவிர சிகிச்சைப் பிரிவில் பராமரித்தலையும் எதிர்பார்க்கின்றது. அபாயம் உயருமிடத்து வளங்களும் கூட்டப்படுகின்றன. சத்திரசிகிச்சையாற் பயனில்லையெனத் தெளிந்தவிடத்து, நோயாளியின் விருப்பறிந்து வலி தணிப்பதோடு அமைவதும் மருத்துவமே.

முல்லைத்தீவில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 2009 பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைகளுக்கு இலக்காயிற்று. நோயாளர் கரையோரப் புதுமாத்தளனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு பாடசாலையொன்றே வைத்தியசாலையாயிற்று. வைத்தியர்கள் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா முதலியோரும் ஊழியர்களும் இறுதிவரை பணியாற்றினர். போதிய மயக்கமருந்தின்றி அவயவங்கள் துண்டிக்கப்பட்டன. பெப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியே 13,000 பேருக்கு மேற்பட்டோரை, நோயாளர், காயமுற்றோர், உடன்சென்றோர் என, அழைத்துச்சென்றது. கப்பலில் எவரை ஏற்றுவது என்பதும் இங்கு ஒரு சிகிச்சைத் தீர்மானமாயிற்று. திருகோணமலையிற் சத்திரசிகிச்சையால் ஆற்றத்தக்க வயிற்றுக்காயம், புதுமாத்தளனில் மரணக் காயமாகியது. உடல் மாறவில்லை, இடமே மாறியது.

இப்பற்றாக்குறை இயற்கையின் விளைவன்று. மருந்துகளை, சிறப்பாகச் சத்திரசிகிச்சைப் பொருள்களை, அரசு மக்களுக்குக் கிட்டாது செய்தமை நம்பத்தக்க குற்றச்சாட்டென ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு 2011 இல் முடிவுசெய்தது. மக்களை வெளியேறவிடாது புலிகள் தடுத்தமையையும் அக்குழு அவ்வாறே கண்டது.

எனவே இரு கூற்றுகளை நாம் வேறுபடுத்தல் வேண்டும்: ‘இவர் பிழைக்கமாட்டார்’ என்பது ஒன்று, ‘இவரை இங்கு காக்க இயலாது’ என்பது மற்றொன்று. முன்னையது மருத்துவத் தீர்ப்பு. பின்னையதோ அரசியற் பொருளாதாரம் வழங்கிய தீர்ப்பு. அதனை வைத்தியர் தம் வாயாற் சொல்ல நேர்ந்தது. இரண்டையும் ஒன்றாக்கிக் ‘காயத்தின் கடுமை’ எனப் பதிவதால், தடுக்கத்தக்க மரணம் விதியின் கணக்கிற் சேர்ந்துவிடுகின்றது.