உங்களுக்குத் தெரியுமா? கார்க் கீறலுக்கேற்ற பாலிஷ் பேட் எது?

கொள்ளிடக் கரையில் இருக்கும் ஏலாக்குறிச்சியில், கார்மேல் படியும் தூசி எல்லாம் ஒன்றல்ல. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லின் கடினம் மோஸ் அளவில் 3. ஆற்றுமணலின் குவார்ட்ஸ் 7. உலர்துணியால் துடைத்த காரில், வெயிலில் தெரியும் சிலந்திவலைக் கீறல்களுக்கு மணலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெயின்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர்கோட் கடினமாக இருந்தால், அதில் விழுந்த அந்தக் கீறலை மென்மையான ஃபோம் பேட் லேசில் அசைக்காது. ஓட்ட ஓட்டச் சூடுதான் ஏறும். கம்பளி, மைக்ரோஃபைபர் பேடுகளின் இழைகளோ பாலிஷ் காம்பவுண்டுத் துகள்களைப் பிடித்து நன்றாக வெட்டும்.

கம்பளி பெயின்டையே தின்றுவிடாதா என்ற பயம் நியாயமானது. கிளியர்கோட்டின் தடிமன் பொதுவாக 40–50 மைக்ரான்தான். ஆகவே முதலில் பானெட்டில் ஒரு சாண் இடத்தில் ஃபோமை ஓட்டிப் பாருங்கள். கீறல் போகாவிட்டால் மட்டும் கம்பளிக்கு மாறுங்கள். அது விடும் மங்கலை மென்ஃபோம் நீக்கும். பெயின்ட் மெலிந்திருக்கும் விளிம்புகளில் மட்டும் கம்பளி வேண்டவே வேண்டாம்.